தையல் அறை வரை கேட்கும் வர்ணனை

“நாலு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். மைக்கில் இருக்கிற இந்த ஆள் மட்டும் ஏன் பஸ் நேரம் சொல்வது போலப் பேசுகிறார்?”

முதன்முதலில் பந்தயத் திடலுக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பிறகு காரணம் தெரிந்தது. தெரிந்த பின் சும்மா இருக்க முடியவில்லை. எழுதுகிறேன்.

முதலில் ஸ்பீட்வே பந்தயம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. நான்கு வண்டிகள், நான்கு சுற்று. வண்டிக்கு பிரேக் கிடையாது. தவறாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே கிடையாது. வளைவு வந்தால் பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, மண்ணை வாரி இறைத்தபடி திரும்புவார்கள். ஒரு நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும். ஓட்டுபவரின் முகம் தெரியாது. தலைக்கவசத்தின் மேல் மாட்டியிருக்கும் துணி உறையின் நிறத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும். உள்ளூர் அணிக்குச் சிவப்பும் நீலமும், வந்த அணிக்கு வெள்ளையும் மஞ்சளும். உறை யாருக்கும் சொந்தமில்லை. இந்த ஓட்டத்தில் சிவப்பு மாட்டியவர் அடுத்த ஓட்டத்தில் நீலம் மாட்டுவார். வர்ணனையாளர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, சிவப்பு இன்னார் என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வர்ணனையாளருக்குத் திடலில் பெயர் கண்ணாடிக்காரர். வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. அது தெரிந்ததிலிருந்து கூட்டத்துக்குக் கொண்டாட்டம். அவர் ஒரு நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும்.

“யோவ் கண்ணாடி! உங்க கடையில போய் முதல்ல உன் கண்ணைக் காட்டு!”

“கடைசி வரியைப் படிங்க சார், கடைசி வரியை!”

தொடக்கக் கோட்டுக்கு நேர் மேலே, பார்வையாளர் மாடத்தின் உச்சியில் ஒரு தகரப் பெட்டி மாதிரி அவருடைய அறை. ஒரு நாற்காலி, மைக், சுற்றாத மின்விசிறி, ஒரு கம்பித் தொலைபேசி. அந்தத் தொலைபேசிதான் அவருக்குச் சனி. வண்டிகளைத் தயார் செய்யும் ‘பிட்’டிலிருந்து ஆள் மாற்றம் சொல்வதற்காக வைத்தது. ஆனால் விளம்பரக்காரர் அதில் கூப்பிட்டு, “எங்க டயர் கடை விளம்பரத்தை ஏன் இன்னும் படிக்கல?” என்பார். வாயில்காப்பாளர் கூப்பிட்டு, “பச்சைக் கார் வழியை மறைச்சு நிக்குது, எடுக்கச் சொல்லுங்க” என்பார். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் டிராக்டர் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டு ஆடி அசைந்து சுற்றும். அந்த நேரத்தையும் அவர்தான் பேசி நிரப்ப வேண்டும். டிராக்டரைப் பற்றி ஒரு மனிதர் எவ்வளவுதான் பேசுவார்?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத சங்கதி வேறு. அது அவருடைய அக்கா.

அக்காவின் மகன், அதாவது கண்ணாடிக்காரரின் மருமகன், உள்ளூர் அணியில் ஓட்டுகிறான். மூன்றாவது வளைவின் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அக்கா வீடு. அக்கா தையல்காரர். தலைக்கவச உறைகளைக்கூட அவரேதான் தைத்துக் கொடுக்கிறார். ஆனால் திடலுக்குள் மட்டும் காலடி வைக்க மாட்டார். “என் பிள்ளை விழறதை நான் கண்ணால பார்க்க மாட்டேன்” என்று ஒரே பேச்சு. பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தையல் மிஷினை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் தம்பி சொல்வதைக் கேட்பார்.

பையன் முதல் நாள் ஓட்டப் போனபோதே அவர் போட்ட நிபந்தனை இது: “மைக்குல நீ இருக்குற வரைக்கும்தான் அவன் வண்டியில இருப்பான். வேற எவன் வாயையும் நான் நம்ப மாட்டேன். உன் குரல் நடுங்குச்சுன்னா எனக்குத் தெரிஞ்சுடும். அன்னைக்கே வண்டிய வித்துடுவேன்.”

அத்தானிடம் போய் முறையிட்டால், “உங்கக்கா சொன்னா சரிதான் மாப்ள” என்று செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

இப்போது புரிகிறதா? அந்த மனிதர் பேசியது திடலில் இருந்த ஆயிரம் பேருக்கு இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு அறைக்கு. மருமகன் ஒருமுறை இரண்டு வண்டிகளுக்கு நடுவில், ஒரு முழங்கை நுழையாத இடத்தில் புகுந்து வெளியே வந்தான். மாடம் முழுக்க எழுந்து நின்று அலறியது. ஒலிபெருக்கி சொன்னது: “சிவப்பு இரண்டாம் இடத்துக்கு வருகிறார். நன்றி.” இன்னொரு முறை அவன் வண்டி குதிரை போல எழும்பி அவனைத் தூக்கிப் போட்டது. ஒலிபெருக்கி: “நீலம் சற்று ஓய்வெடுக்கிறார்.” கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஆனால் அந்தத் தகரப் பெட்டிக்குள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். வாய் “நன்றி” என்று சொல்லி முடித்ததும் பென்சிலைக் கடித்துக் கடித்து மரத்தூள் துப்புவார். மருமகன் ஜெயித்த நாட்களில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கும். அதையும் விழுங்க வேண்டும், ஏனென்றால் மகிழ்ச்சிக் கத்தலுக்கும் பயக் கத்தலுக்கும் வித்தியாசம் மதிலைத் தாண்டினால் தெரியாது. எல்லாம் முடிந்து காரில் வீட்டுக்குப் போகும்போதுதான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முழு ஓட்டத்தையும் மறுபடி சொல்வார், தொண்டை கிழிய. ஒருமுறை சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, “சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டிருக்கிறார்.

இத்தனைக்கும் மருமகனுக்கும் குறைதான். “ஏன் மாமா, மத்தவனைச் சொல்ற மாதிரிகூட என்னைச் சொல்ல மாட்டேங்கறீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?”

“உங்கம்மாவைக் கேளுடா!” என்று வாய் வரை வரும். சொன்னால் அவன் போய் அம்மாவிடம் சண்டை போடுவான். அதற்கும் இவர்தான் நடுவில் நிற்க வேண்டும். விழுங்கிவிடுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திடலின் மேலாளர் படியேறி வந்தார்.

“சார், மனசு விட்டுச் சொல்றேன். உங்க பேச்சைக் கேட்டு ஜனம் தூங்குது. இன்னைக்கு உயிரோட பேசுங்க. இல்லைன்னா அடுத்த வாரம் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. கத்தினால் அக்கா வண்டியை விற்றுவிடுவாள். கத்தாவிட்டால் மைக் போய்விடும், மைக் போனால் வேறு எவன் வாயையும் நம்பாத அக்கா அப்போதும் வண்டியை விற்றுவிடுவாள். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் அடி. இவருக்கு அடி விழாத பக்கமே இல்லை.

சரி, மருமகன் இல்லாத ஓட்டத்தில் கத்திப் பார்ப்போம் என்று நினைத்தார். அது நல்ல யோசனைதான். முதல் ஓட்டத்தில் வெள்ளையும் நீலமும் கோடு வரை ஒட்டிக்கொண்டே வந்தன. “அடடா! என்ன வேகம்! என்ன வேகம்! விடாதே, விடாதே!” என்று கத்தினார். மாடத்தில் பாதிப் பேர் திரும்பி அவருடைய பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். கண்ணாடிக்காரருக்கு வருடக்கணக்காகக் கட்டி வைத்த கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

உடனே சட்டைப் பையில் கைபேசி அடித்தது.

“என்னடா கத்துற? என்ன ஆச்சு? யாரு விழுந்தா?”

“யாரும் விழலக்கா. இது வேற பசங்க ஓட்டம்.”

“அப்புறம் எதுக்குக் கத்துற?”

“வேகமா போனாங்கக்கா.”

“வேகமா போறாங்களா? நிதானமாத்தான் போறாங்கன்னு சொன்னியே?”

இந்த இடத்தில் கம்பித் தொலைபேசியும் அடித்தது. ஒரு காதில் அக்கா, இன்னொரு பக்கம் அந்தச் சனி. டயர் கடைக்காரர் அன்று ஏற்கெனவே மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். கண்ணாடிக்காரர் அதை எடுத்து, எதிர்முனை வாயைத் திறப்பதற்குள், “சரி சரி, படிக்கிறேன் சார், படிக்கிறேன்!” என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டார்.

கூப்பிட்டது டயர் கடைக்காரர் இல்லை. பிட் பொறுப்பாளர். மருமகனின் வண்டி கிளம்பவில்லை, அடுத்த ஓட்டத்தில் அவனுக்குப் பதில் மாற்று வீரர் சிவப்பு உறை மாட்டி ஓட்டுகிறார் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அந்த மாற்று வீரர் காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிறவர். எல்லோரும் பேப்பர்காரர் என்பார்கள். உயரமும் உடம்பும் மருமகனைப் போலவே.

ஒருவழியாக அக்காவைச் சமாதானப்படுத்திக் கைபேசியை வைத்தபோது நான்கு வண்டிகளும் தொடக்கக் கோட்டில் நின்றன. பட்டியலைப் பார்த்தார். சிவப்பு: மருமகன். குரலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். வண்டிகளுக்குக் குறுக்கே கட்டியிருந்த தொடக்க நாடா மேலே எழும்பியது. முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவது வளைவில் சிவப்பின் முன் சக்கரம் மஞ்சளின் பின் சக்கரத்தைத் தொட்டது. அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆள் போய்த் தடுப்பில் மோதிக் கீழே விழுந்தான். அசையவில்லை.

கண்ணாடிக்காரர் “சிவப்பு” என்றார். பிறகு மருமகனை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற மூவரும் நின்றுவிட்டார்கள். மருத்துவ வண்டி கிளம்புவதற்குள், மூன்றாவது வளைவில் டிராக்டர் வந்து போகிற சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் ஓடி வந்தார். கழுத்தில் அளவு நாடா. ஒரு காலில்தான் செருப்பு. டிராக்டர் ஓட்டுநர், “அம்மா, உள்ள போகக் கூடாது, அம்மா!” என்று பின்னாலேயே ஓடினார். அக்கா யார் சொல்லைக் கேட்டார், இவர் சொல்லைக் கேட்க?

மண்ணில் விழுந்து முழந்தாளிட்டு, தான் தைத்த சிவப்பு உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “கண்ணைத் திறடா, அம்மா வந்திருக்கேன்டா, கண்ணைத் திறடா” என்று கதறினார்.

தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது: “கண்ணு திறந்துதான் இருக்கு. நீங்க என் கை மேல முட்டி போட்டிருக்கீங்க.”

முகமூடியை மேலே தூக்கினால், பேப்பர்காரர்.

“நீ யாருப்பா?”

“உங்க வீட்டுக்குப் பேப்பர் போடறவன்மா. எந்திரிங்கம்மா, வலிக்குது.”

அதற்குள் பிட்டிலிருந்து, கை முழுக்க எண்ணெயோடு, மருமகன் ஓடி வந்தான். “அம்மா! நான் இங்க இருக்கேன்மா! என் வண்டி கிளம்பலம்மா!”

அக்கா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தோளைத் தொட்டார். பிறகு அதே தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பேப்பர்காரருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அவரை வண்டியில் ஏற்றும் வரை அக்கா நகரவில்லை. “இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா, சொல்லி அனுப்பினீங்களா?” என்று மருத்துவ வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டார்.

பாதையைக் காலி செய்து ஓட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். டிராக்டர் ஓட்டுநர் அக்காவை உள் புல்தரை ஓரமாக மாடத்தை நோக்கி அழைத்து வந்தார். அப்போதுதான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மூன்று வண்டிகள் வளைவில் பக்கவாட்டில் சரிந்து, மண்ணை இறைத்துக்கொண்டு போயின. அக்கா நின்றுவிட்டார். மண் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. அடுத்த சுற்றும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியேறினார்.

கண்ணாடிக்காரர் பெட்டிக்குள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மைக்கை அணைக்க வேண்டும் என்ற நினைவுகூட இல்லை. அதனால் அதற்குப் பிறகு நடந்தது முழுவதும் திடலுக்கே கேட்டது.

“ஏன்டா, பேரை மாத்திச் சொல்லி என் உயிரை எடுத்துட்டியேடா!”

“அக்கா, நீ போன்ல இருந்த...”

“அது கிடக்கட்டும். லேசா சாஞ்சு திரும்பறான்னு சொன்னியே, அதுதான் சாயறதா? அது விழறதுடா! விழுந்துக்கிட்டே போறானுங்கடா! இத்தனை வருஷமா என்கிட்ட என்னடா சொல்லிக்கிட்டிருந்த?”

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

“ஆமா, பொய்தான் சொன்னேன்! உண்மையைச் சொன்னா நீ அவனை விட்டிருப்பியா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது, எனக்குப் பேச வராதுன்னு! எனக்கா பேச வராது? உன் பிள்ளை அந்த மூணாவது வளைவுல உள்ள புகுந்து வர்றான் பாரு, அப்படி வர இந்தத் திடல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது! எலி வளையில பாம்பு போற மாதிரி போவான்! அதைப் பார்த்து நான் ‘நன்றி’ன்னு சொல்றேன்க்கா! நன்றின்னு! அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது நினைச்சுப் பார்த்தியா?”

திடல் அமைதியாகிவிட்டது. டிராக்டர்கூட நின்றுவிட்டது. பிட்டில் மருமகன் கையில் திருகுசாவியோடு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாடத்தில் எங்கிருந்தோ ஒருவர், “அப்படிச் சொல்லு கண்ணாடி!” என்றார். கைதட்டல் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் இருவரும் மைக்கைப் பார்த்தார்கள்.

அக்கா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் நின்றார்.

கடைசி ஓட்டத்தில் மருமகன் பெயர் இருந்தது. வண்டி சரியாகிவிட்டது. அவன் தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்று மேலே பார்த்தான். நாடாவை விடுகிறவர், தயாரா என்று கை காட்டினார். அவன் பதில் காட்டவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற மூவரின் வண்டிகளும் உறுமின. அம்மா வேண்டாம் என்று தலையசைத்தால் அவன் இறங்கிவிடுவான் என்று மாடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“அக்கா, அவன் காத்துக்கிட்டிருக்கான்.”

“தெரியுது.”

“ஏதாவது சொல்லு.”

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். “போகச் சொல்லு,” என்றார். “ஆனா இனிமே நான் அந்த அறையில உட்கார மாட்டேன். இங்க வந்து நானே பார்ப்பேன். நீ எனக்காகப் பேசாதே. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பேசு.”

சொல்லிவிட்டு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

“பார்க்கிறேன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினா எப்படிக்கா?”

“இன்னைக்கு நீ சொல்லுடா. அடுத்த வாரத்துலேர்ந்து பார்க்கிறேன்.”

கண்ணாடிக்காரர் கீழே நின்றவனுக்குக் கை காட்டினார். நாடா எழும்பியது. கண்ணாடிக்காரர் பேசினார். பேசினார் என்று சொல்லக் கூடாது, அணை உடைந்தது. மருமகன் பின்னால் கிடந்ததைச் சொன்னார். நீலத்துக்கும் தடுப்புக்கும் நடுவில் வழி தேடியதைச் சொன்னார். பின் சக்கரம் பிடி விட்டதையும், அவன் அதைப் பல்லைக் கடித்துத் திரும்பப் பிடித்ததையும் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. சட்டைத் தையல் விட்டுப் போனது. கோட்டைத் தாண்டியதும் மாடமே எழுந்து நின்று கத்தியது.

அக்கா கண்ணைத் திறந்தார். “ஜெயிச்சுட்டானா?”

“மூணாவது.”

“மூணாவதா வந்ததுக்காடா இந்தக் கத்து கத்தின?”

இப்போதும் எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலாளர், “சத்தம் அதிகம் சார், ஒலிபெருக்கி கிழிஞ்சிடும்” என்கிறார். மருமகன், “மாமா, நீங்க பேசுறதைக் கேட்டாதான் எனக்கே பயமா இருக்கு” என்கிறான். அக்கா மாடத்தின் முன் வரிசையில் உட்கார்ந்து, “அது வெள்ளைடா, மஞ்சள் இல்ல!” என்று கீழிருந்தே திருத்துகிறார். பக்கத்தில் தோளில் கட்டோடு பேப்பர்காரர், அக்கா கொண்டு வந்த பழத்தை ஒரு கையால் தின்றுகொண்டு. தகரப் பெட்டிக்குள் கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஆனால் ஒன்று. வாராவாரம் திடலுக்கு வராதவர்கள் மத்தியில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அன்று அவர் மைக் முன்னால் தூங்கிவிட்டார், அதனால்தான் பெயரை மாற்றிச் சொன்னார் என்று. கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட அதைக் கேட்டு அவரை நோகடிக்கிறார்கள். அவர் விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. அதனால் இதைப் படித்தவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தப் பேச்சு எங்காவது உங்கள் காதில் விழுந்தால் சும்மா வராதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.